நாற்பத்தொரு கைரேகைகளும் ஒரு பொய்த் தலைவலியும்

பிடிவாதத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போன என் ஜெனிக்கு,

உனக்கு ஒரு நல்ல செய்தி. நேற்று ப்ராஜெக்ட் வைவாவில் நம் தலைப்புக்குக் கை தட்டினார்கள். ஆமாம், டிசம்பரில் நம் கைடு மேடம் "இதெல்லாம் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒரு ப்ராஜெக்டா?" என்று பேப்பரைத் திருப்பித் தள்ளினாரே, அதே தலைப்புக்குத்தான். இருக்கும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவர்கள் செத்த பிறகு பால் தெளிக்க வருவார்கள் என்று எங்கள் அம்மா சொல்லும். நேற்று அதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

டிசம்பர் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கடைசி செமஸ்டர், இரண்டு பேருக்கு ஒரு ப்ராஜெக்ட், ஒரு வாரத்துக்குள் தலைப்பு சொல்ல வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பட்டுப்புடவைப் படத்தை வைத்து அசலா போலியா என்று கண்டுபிடிக்கும் ப்ராஜெக்டை எடுத்திருந்தார்கள். காஞ்சிபுரத்துக் கல்லூரி என்றால் வெளியூர் எக்ஸாமினர் அதைத்தான் எதிர்பார்ப்பார் என்று யாரோ கிளப்பிவிட்ட கதை. அதைச் செய்தவர்கள் யாரும் ஒரு புடவையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. தாம்பரத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் புரோகிராம், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கிறது. பெயரை மாற்றினால் போதும்.

எனக்கும் அதுதான் வேண்டும் என்றிருந்தது. நெசவு வீட்டுப் பெண் புடவை ப்ராஜெக்ட் செய்தால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? நீதான் மாட்டேன் என்றாய். ரேஷன் கடை மெஷினில் உன் அம்மாவுக்கு ரேகை விழவில்லை என்பது உன் தலைப்பு. சித்தாள் வேலையில் சிமெண்ட் தின்று தேய்ந்த விரல். ஒரே மாதத்தில் மூன்று தடவை செவிலிமேட்டில் வரிசையில் நின்று, "ரேகை விழலம்மா, நாளைக்கு வா" என்று கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பியதைச் சொன்னாய். கட்டை விரல் தேய்ந்திருந்தாலும் வேறு ஏதாவது ஒரு விரலில் ரேகை மிச்சம் இருக்கும், எந்த வேலை செய்பவருக்கு எந்த விரலை முதலில் வைக்கச் சொல்லலாம் என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதலாம் என்றாய். மேடம் ஒரே கேள்விதான் கேட்டார், பேஸ் பேப்பர் எங்கே என்று. முன்பே யாராவது செய்து கட்டுரை எழுதியிருந்தால்தான் நாம் செய்யலாம். யாரும் செய்யாதது ப்ராஜெக்ட் இல்லை. எங்கிருந்தோ ஒரு கட்டுரையைத் தேடிப்பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாய். வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் நம் மடத்தனம் நமக்கே தெரிந்தது. ஸ்கேனரை வாங்கிவிட்டோம், விரலை நீட்ட ஆளில்லை. கைநாட்டு என்றாலே இந்த ஊரில் இரண்டு பயம். வைத்தால் வீடு போய்விடும் என்பது ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. கம்ப்யூட்டர் படித்த இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. முதலில் மறுத்தது யார்? என் அப்பாதான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியை விட்டு எழுந்திருக்காமலே, "நான் கையெழுத்து போடத் தெரிஞ்சவம்மா. கைநாட்டு எதுக்கு வெக்கணும்?" என்றார். எனக்கு மானம் போனது. நான் கத்தப் போனேன். நீ என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தறிக்குழி ஓரமாக உட்கார்ந்தாய்.

"நீங்க ஒண்ணு வெச்சா நானும் ஒண்ணு வெக்கிறேன்பா. உங்க ரேகை எங்கிட்ட, என் ரேகை உங்ககிட்ட. வேல முடிஞ்சதும் அழிச்சிட்டு வந்து சொல்வோம். அன்னிக்கு நீங்களும் இத கிழிச்சிப் போட்டுடுங்க."

பையிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்து, துண்டுச் சீட்டில் உன் கட்டை விரலை ஊதா மையில் அழுத்தி, கீழே பெயரும் எழுதிக் கொடுத்தாய். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்தார். பத்து விரலையும் கொடுத்தார். ரேஷன் கடையில் அவருக்கும் பல மாதமாக ரேகை விழவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு உன் சீட்டுக்காகவே கொடுத்தவர்கள் உண்டு. சாயம் போடுகிறவர், இட்லிக் கடை அம்மா, கொத்தனார்கள், உன் அம்மா. சோதித்துப் பார்க்க நீ முதலில் வைத்த உன் ரேகையையும், கடைசியில் தாமலில் எடுத்த ஆறையும் சேர்த்தால் மொத்தம் நாற்பத்தொரு பேர். என்னையும் வைக்கச் சொன்னாய். வேலை செய்யாத விரல் எதற்கு என்று நான்தான் கையை இழுத்துக்கொண்டேன்.

இப்போது தாமலுக்கு வருகிறேன். இதை எத்தனை நாள்தான் தள்ளிப்போடுவது?

அந்தச் சனிக்கிழமை தாமல் ஏரிப்பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் ரேகை எடுக்க நாம் இருவரும் போவதாக இருந்தது. காலையில் போன் செய்து தலைவலி என்றேன். "சரிக்கா, படுத்துக்கோ, நான் பாத்துக்கறேன்" என்றாய். எனக்குத் தலைவலி இல்லை ஜெனி. நான் தாம்பரம் பஸ்ஸில் இருந்தேன். உன் தலைப்பு தேறாது, கையில் ஒரு ரெடிமேட் ப்ராஜெக்ட் இருக்கட்டும் என்று அந்தச் சென்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். நீ தனியாகத் தாமலுக்குப் போய் ஆறு பேரிடம் எடுத்து, அங்கிருந்தே கூகுள் ட்ரைவில் ஏற்றிவிட்டு, பஸ் பிடிக்க ஹைவேயைக் கடந்தாய். நான் புடவை ப்ராஜெக்ட் டெமோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லாரி என்றார்கள்.

நான் கூட இருந்திருந்தால் உன் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேனா? ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுவேனே, அப்படித் திட்டியிருப்பேனா? உன் அம்மாவிடம் தலைவலி என்றுதான் சொன்னேன். "உனுக்கு ஒடம்பு முடியலன்னா நீ இன்னாமா பண்ணுவ" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தது அது. அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் நடந்ததைக் கேள். நீ போன இரண்டாம் வாரமே மேடத்துக்கு நம் தலைப்பு பிடித்துவிட்டது. "சமூக அக்கறை உள்ள ப்ராஜெக்ட்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். உயிரோடு இருந்தவள் கரடியாகக் கத்தியபோது கேட்காத காது அது. மிச்சப் புரோகிராமை நான் எழுதி முடித்தேன். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் உன் பெயரைப் போட்டேன். அடித்துவிட்டார்கள். ரோல் நம்பர் நீக்கியாகிவிட்டதாம், சர்டிபிகேட் பக்கத்தில் வரக் கூடாதாம். நன்றிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமாம். அங்கே கடவுள், தாளாளர், முதல்வர், துறைத் தலைவர், கைடு, பெற்றோர் எல்லோரும் முடிந்த பிறகு "மற்றும் நண்பர்கள்" என்று ஒரு வரி வருமே, அதில். ப்ராஜெக்டைச் செய்தவளுக்கு உதவியவள் என்று நன்றி. போட்டேன் ஜெனி. வேறு வழியில்லாமல் போட்டேன். என் மீது காறித் துப்பு.

நேற்று கை தட்டி முடிந்ததும் மேடம் கூப்பிட்டு, ரேகைகளை எல்லாம் பென் டிரைவில் போட்டுத் துறையில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த பேட்ச் பயன்படுத்துமாம். அழித்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றேன்.

"யாருக்கு? அந்த ஜனங்களா வந்து கேக்கப் போறாங்க?"

இன்டர்னல் மார்க் இன்னும் போடவில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் லேபுக்குப் போய் உட்கார்ந்தேன். நாற்பது பேருடையதையும் ஒவ்வொன்றாக அழித்தேன். முதல் எண் உன்னுடையது. அதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி உன் அம்மா கேட்டிருந்தது. உனக்கு அதில் சம்மதம் இருந்திருக்குமா என்று நெடுநேரம் யோசித்தேன். எல்லாவற்றையும் என்றுதானே சொல்லியிருந்தாய்? அழித்தேன். கூகுள் ட்ரைவிலும் அழித்தேன். பென் டிரைவ் காலி என்று மேடத்திடம் போய்ச் சொன்னேன். மார்க் என்ன வரும் என்று தெரியாது. டிகிரி இந்த வருடமே வருமா என்பதும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், அழித்தாயிற்று, ஜெனி கொடுத்த சீட்டைக் கிழித்துவிடுங்கள் என்றேன். ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து அதை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மறுபடியும் உள்ளேயே செருகினார். எனக்காவது கொடுங்கள், என்னிடம் அவளுடையது ஒன்றுமே இல்லை என்று கேட்டேன்.

"அந்தப் பாப்பா எனக்குத்தாம்மா குடுத்திச்சி" என்று தறிக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். விரலைக் கொடுத்தவர்களுக்குத்தான் நீ கொடுத்தாய். நேற்றும் இன்றுமாக ஊரில் மற்றவர்களிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், இட்லிக் கடை அம்மாவும் கிழிக்கவில்லை. உன் அம்மா அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறது, அதனிடம் கிழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைவலி பொய் என்பதை மட்டும் இன்று காலை சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அது வேலைக்குக் கிளம்பியது. என் தலையைத் தடவவில்லை.

மிச்சம் இருப்பது தாமல் ஆறு பேர். உன் ரேகையைக் கடைசியாக வாங்கியவர்கள். அழித்தாயிற்று என்று யாராவது வந்து சொல்வார்கள் என்று உன் பேச்சை நம்பியிருப்பவர்கள். வருகிற சனிக்கிழமை போகிறேன். அந்த ரோட்டை நான் கடந்துதான் ஆக வேண்டும். ஆறு வீட்டுக்கும் போய் என் வாயால் சொல்வேன். சீட்டைக் கிழிக்கவும் சொல்ல மாட்டேன், எனக்குக் கொடுங்கள் என்றும் கேட்க மாட்டேன். இந்தத் தடவை தலைவலி என்று சொல்ல மாட்டேன் ஜெனி.

நான்கே மாதம் மூத்தவளை வேண்டுமென்றே "அக்கா" என்று கூப்பிட்டு நீ வெறுப்பேற்றிய, இனி அப்படிக் கூப்பிட ஆளில்லாத,
உன் அக்கா,
சங்கீதா