பாதரசம் எந்த நட்சத்திரத்தில்

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
9 ஜூன் 2024

என் அஞ்சலிக்கு,

பிரான்ஸ்ல வெயில் எப்படி? இங்க அனல் கொட்டுது. அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு. கோரிமேடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறதுல என் ஆராய்ச்சி அப்படியே நிக்குது.

நம்ம ஜோடி நட்சத்திரத்துக்கு நான் இதுவரைக்கும் எடுத்த அளவுகள், எழுதி வெச்ச குறிப்புகள் எல்லாத்தையும் அனுப்பியிருக்கேன். பத்திரமா வெச்சிரு. ரெண்டும் ஒரே வாயு மேகத்துல பிறந்தும், ஒண்ணுல மட்டும் பாதரசமும் மாங்கனீசும் குவிஞ்சு கிடக்கு. அந்த ஒண்ணு எதுங்கறதுலதான் எனக்கு இன்னும் சந்தேகம். ரெண்டோட நிறமாலைக் கோடுகளும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. சில இடத்துல நான் ஆளை மாத்திப் பிடிச்சிருக்கலாம். அப்படின்னா சுற்றுப்பாதையும் தப்பாயிரும். நான் வேலைக்குத் திரும்பற வரைக்கும் கட்டுரை வேணாம்டி. சேர்ந்தே எழுதலாம்.

உன்
கலைமகள்


நீஸ், பிரான்ஸ்
17 நவம்பர் 2024

அன்புக் கலை,

அம்மா எப்படி இருக்காங்க? அவங்களுக்காக வேண்டிக்கிட்டுதான் இருக்கேன்.

ஒரு விஷயம். வேற யார் சொல்லியும் நீ கேள்விப்படக் கூடாது. கட்டுரை வெளியாயிருச்சு, என் பேர்லயும் எங்க பேராசிரியர் பேர்லயும். வேற குழுவும் அதே ஜோடியைப் பாக்குதாம், காத்திருக்க முடியாதுன்னுட்டார். நீ ஆஸ்பத்திரியில அல்லாடுறப்ப உன்னைத் தொந்தரவு பண்ண மனசு வரல. கடைசியில நன்றி சொல்ற இடத்துல உன் பேரைப் போட்டிருக்கேன். கோவிச்சுக்காதடி.

அஞ்சலி


நீஸ்
2 மார்ச் 2025

கலை,

போன கடிதத்துக்குப் பதில் இல்ல. போனும் எடுக்க மாட்டேங்கிற.

புதுசா எடுத்த அளவுகள் எங்க சுற்றுப்பாதையில உக்காரவே மாட்டேங்குது. பேராசிரியர் என்னைத்தான் கேக்கறார். என் வேலை நீடிக்கிறது இந்தக் கட்டுரையை நம்பித்தான். நீ இதுக்குள்ள சரி பண்ணி வெச்சிருப்பே, உன்னை எனக்குத் தெரியாதா? அதை அனுப்புடி. இந்தத் தடவை உன் பேர்தான் முதல்ல. மாதா சத்தியமா.

அஞ்சலி


புதுச்சேரி
20 மார்ச் 2025

அஞ்சலி,

உன் கட்டுரையை ஆஸ்பத்திரி வராண்டாவுல, போன்ல படிச்சேன். என் வாக்கியங்கள் அப்படியே இருந்துச்சு. சந்தேகம்னு நான் எழுதின இடம் மட்டும் காணோம். முகம் ஏன் இப்படி இருக்குன்னு அம்மா கேட்டுச்சு. அஞ்சலியோட கட்டுரை வந்திருக்கும்மான்னேன். "உன் பேரும் இருக்குமே"ன்னு சிரிச்சுது. இருக்குன்னு சொல்லிட்டேன்.

கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருந்தா, சரி, நீயே போட்டுக்கோன்னுகூட சொல்லியிருப்பேன். அதுதான் ஆற மாட்டேங்குது.

பாதரசம் நீ எழுதின நட்சத்திரத்துல இல்ல, மத்ததுல இருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சுத்தி வர நீ சொன்னதைவிட அதிக நாள் ஆகுது. தை மாசமே எழுதி முடிச்சு, என் பேர்ல அதே பத்திரிகைக்கு அனுப்பினேன். ஏத்துக்கிட்டாங்க. வெளிய வந்ததும் எல்லாரையும் போல நீயும் படிச்சுக்கலாம்.

ஊருக்கு வந்தா வீட்டுக்கு வா. அம்மா உன்னை அடிக்கடி கேக்குது. அதுகிட்ட நான் எதுவும் சொல்லல. எந்த நாள் வருவேன்னு முன்னாடியே அதுக்குப் போன் பண்ணிச் சொல்லிரு. அன்னைக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன்.

கலைமகள்