முகத்துவாரத்தில் நான் விட்ட ஆறு நண்டுகள்

அன்பு மச்சான் தேசப்பனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் பழவேற்காட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். ஒரு விஷயத்தை, நீ இருந்தபோதும் போன பிறகும், மூன்று வருஷமாக மறைத்து வைத்திருந்தேன். உன் காதுக்கு மட்டும் சொன்னால் அது தீராது.

எனக்கு இருப்பே கொள்ளவில்லை. கடையில் நண்டு எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். நேற்று நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நீ தங்கச்சி என்று கூப்பிடுவாயே, என் வீட்டுக்காரி, அவள் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. முகத்துவாரம் திறந்து ஏரித் தண்ணீர் கடலோடு சேர்ந்துவிட்டது. ஆனால் நண்டு இல்லை மச்சான். முன்பு விடிந்து இரண்டு மணி நேரத்தில் ஐந்து கூடை கட்டுவேனே, இப்போது மத்தியானம் வரை உட்கார்ந்தாலும் ஒரு கூடை நிரம்புவதில்லை. ஊர்ப் பிள்ளைகள் காலை ஆறு மணிக்கு கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டப்போகிறார்களாம், அங்கேயும் வேலை கிடைக்கும் என்கிறார்கள். ஏரியை நம்பி யார் இருப்பார்கள், சொல்லு?

நீ சொன்னதுதான் நடக்கிறது. சினை பிடித்த பெட்டை நண்டு முட்டை விடக் கடலுக்குப் போகும், அந்த முட்டையில் பொரித்த குஞ்சுதான் மறுபடி ஏரிக்குள் வரும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! "அது தாய் ஊட்டுக்குப் பிரசவத்துக்குப் போவுது மச்சான். வழிமறிச்சு வலையைப் போட்டுக்கினு குந்தியிருக்கோமே, நம்மள இன்னான்னு சொல்றது?" என்பாய். நான் சிரிப்பேன். சினை நண்டுக்குத்தான் சிங்கப்பூரில் கிராக்கி. அங்கே யாரோ ஓட்டை உடைத்துச் செக்கச் சிவந்த சினையை வழித்துத் தின்னும்போது நம் ஏரியை நினைக்கவா போகிறான்? நானே நினைக்கவில்லையே.

போன வாரம் உன் வீட்டுக்காரி அஞ்சலை கடைக்கு வந்தாள். உன் வலையை எடுத்துக்கொண்டு தன் தம்பியோடு படகில் போகிறாள் இப்போது. உன் மகள் பொன்னேரி காலேஜில் இரண்டாம் வருஷம், பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். கூடையை என் முன்னால் இறக்கினாள். ஆறு நண்டு, ஆறும் சினை. முகத்துவாரத்தில் பிடித்தவை. என் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு இருந்தா திட்டுவாருண்ணே. திட்டறதுக்கு ஆளு இல்லன்னுதான் புடிச்சிக்கினு வந்தேன்."

நான் எப்படி வேண்டாம் என்பேன்? நான் வாங்காவிட்டால் சூளூர்ப்பேட்டையிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வருகிறவன் வாங்குவான். எடை போட்டேன், பணத்தைக் கையில் கொடுத்தேன், அவள் தெரு திரும்பும் வரை நின்றேன். அப்புறம் அந்த ஆறையும் ஈரச் சாக்கில் சுற்றி, ஒரு படகைப் பிடித்து, மூன்று மணி வெயிலில் முகத்துவாரத்துக்குப் போனேன். கொடுக்கைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டேன். ஒன்று என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டுப் போனது. ரத்தம் வந்தது, ஆனாலும் மனசு லேசானது. ஏதோ பெரிய புண்ணியம் பண்ணியவன் மாதிரி வீட்டுக்கு வந்து மீன் குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சோறு தின்றேன்.

மறுநாள் காலை கோவிந்தன் கூடையோடு வந்தான். உன் பங்காளி கோவிந்தன்தான். நீ சாகும் வரை முகம் கொடுத்துப் பேசாத அதே கோவிந்தன். கூடையைத் திறந்தால் முதுகில் சிப்பி ஒட்டி, இடது கொடுக்கு நுனி உடைந்த ஒரு பெட்டை. நான் விட்டதேதான். அதற்கடியில் இன்னொன்று, என் விரலைக் கடித்ததாகத்தான் இருக்க வேண்டும், அது முறைத்த முறைப்பைப் பார்த்தால்.

முந்தின நாள் நான்தான் இதை விட்டேன் என்று அவனிடம் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னதும் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான் பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறுகிற நேரமாம் அது. விட்ட நண்டை அப்படியே உள்ளே தள்ளி அவன் வலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. முப்பது வருஷம் நண்டு வியாபாரம் பண்ணுகிறவனுக்கு ஒரு நண்டை எப்போது தண்ணீரில் விட வேண்டும் என்று தெரியவில்லை. பிடித்தவர்களிடம் வாங்கத்தானே தெரியும் எனக்கு?

சிரித்து ஓய்ந்ததும் அவன் சொன்னதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

"நீ ஒருத்தன் உட்டா இன்னா பாய் ஆவும்? ஊரே உடணும். அத்தத்தான் தேசப்பன் சொன்னான். நான் சரின்னுதான் இருந்தேன். எவனோ போயி தலைவர் கிட்ட கலைச்சிட்டான், பழி எம்மேல உழுந்துச்சி."

மச்சான், அந்த எவனோ நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ ஊர்க்கூட்டத்தில் பேசப்போவதாகச் சொன்னாய். இறாலுக்கு யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்று பாடு முறை வைத்திருக்கிறோம், நண்டு மட்டும் என்ன அனாதையா என்று கேட்கப் போகிறேன் என்றாய். மழைக்கால இரண்டு மாசம் முகத்துவாரத்தில் நண்டு வலை கூடாது என்று முறை வைக்க வேண்டும் என்றாய். என்னிடம்தான் முதலில் சொன்னாய். நான் தலையாட்டினேன். கூட்டத்துக்கு முதல் நாள் தலைவர் வீட்டுக்குப் போய், அப்படி முறை வைத்தால் இந்த ஊர் நண்டை எடுக்க மாட்டேன், அக்கரைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் நீ எழுந்து பேச ஆரம்பித்ததுமே தலைவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். உங்கள் ஆட்களிலேயே ஒத்துவரவில்லை என்றார். கோவிந்தனின் வலைதானே முகத்துவாரத்தில் கிடக்கிறது, அவன்தான் என்று நீ முடிவு கட்டினாய்.

அன்றைக்கு என் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே அவனை எப்படியெல்லாம் திட்டினாய்! உனக்கு இன்னொரு டீ சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. அப்போதே சொல்லியிருந்தால் என்னைப் பிடித்து நாலு அறை விட்டிருப்பாய், பத்து நாள் பேசாமல் இருந்திருப்பாய். அதற்குப் பயந்தேனா, வியாபாரத்துக்குப் பயந்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. மஞ்சள் காமாலையில் நீ கிடந்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம்தான் உரித்துக் கொடுத்தேன்.

முந்தாநாள் ஊர்க்கூட்டம். நானே கேட்டுக் கூட்டினேன். நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன். தலைவர் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அஞ்சலை பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன், யாரும் வரவில்லை. இந்த வருஷம் மட்டும், தை பிறக்கும் வரை, முகத்துவாரத்தில் நண்டு வலை வேண்டாம் என்று முடிவானது. சும்மா முடிவாகவில்லை, இரண்டு மணி நேரம் கத்தல். அந்த இரண்டு மாசம் எதைத் தின்பது என்று கேட்டார்கள். ஏரிக்குள் கிடைக்கும் ஆண் நண்டுக்குச் சினை நண்டின் விலையைத் தருகிறேன் என்றேன். எத்தனை நாள் என்னால் முடியும் என்று எனக்கே தெரியாது. சூளூர்ப்பேட்டை வேன் நேற்றும் வந்து நின்றது. யார் போய்ப் பேசினார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் கோவிந்தன் என்னிடம் வந்தான். நீ போனபோது அவன் வரவில்லை, உனக்கே தெரியும். பங்காளி செய்ய வேண்டிய காரியத்தை ஊரான் செய்தான். அவன் கோபப்படவில்லை மச்சான், கோபப்பட்டிருந்தால் நான் இன்றைக்குத் தூங்குவேன்.

"இத்த அவன் உயிரோட இருந்தப்பவே சொல்லியிருந்தா, நான் அவன் சாவுக்கு வந்திருப்பேன் பாய்" என்றான். சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

சினை நண்டு இனி என் தராசில் ஏறாது. ஊர் வலையைக் கட்டினாலும் அவிழ்த்தாலும், நான் கடையை மூட வேண்டி வந்தாலும் ஏறாது. இதை உனக்குக் கொடுக்கும் வாக்காக எழுதுகிறேன். உன் வருஷத் திதிக்குக் கோவிந்தனை அழைக்க நானே அவன் வீட்டுப் படி ஏறுவேன். அவன் என்னைத் துரத்தினால் மறுநாளும் போவேன். என்னை நீ மன்னிக்க வேண்டாம். அவன் வந்து நின்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

உன் பங்காளியை உன்னிடமிருந்து பிரித்த மச்சான்,
காசிம்