கடல் வடிகிற பக்கம்

வைத்திக்குப்பம்,
4.12.2005

அன்புள்ள மாமாவுக்கு, அமுதவல்லி எழுதிக்கொள்வது. நானும் குழலியும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. இங்கே மழை விடவில்லை. கொச்சியில் போட்டிலிருந்து இறங்கியதும் தலையையாவது துவட்டிக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்?

போன வாரம் பூத்துக்குப் போன் செய்து, வருஷம் திரும்புவதற்குள் பரிதிக்குக் கருமாதி செய்துவிடலாம் என்றீர்கள். போனை வைத்துவிட்டேன். கோபம்தான். சுனாமி அலை வந்த அன்று காலையில் நண்டு பிடிக்கப் போன நம் பிள்ளை. உடம்பைக்கூடப் பார்க்காமல் எப்படிச் செய்வது? மீன் கூடையோடு போனால் விலை பேச வாய் வருகிறது. வீட்டுக்குள் வந்தால் பேச்சே வருவதில்லை.

முகாமுக்கு வந்த ஜப்பான் அம்மா குழலிக்குக் கொடுத்த படக்கதைப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? எழுத்து நமக்குப் புரியாது, படம்தான். விளக்கு வைத்ததும் அவள் புரட்டுவாள், நான் பக்கத்தில் உட்காருவேன். ஊரே கடலுக்குள் இருக்கும். மாடியில் ஒருத்தி தனியாக டீ குடிப்பாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். யாரும் அழுவதில்லை. பிறகு தண்ணீர் வடியும், தெரு தெரியும். ஒரு பையன் கரையில் படகோடு நிற்பான். அப்புறம் வீடு நிறைய ஆட்கள், நடுவில் அவன். அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பரிதிக்கும் தினமும் ஒரு தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். திட்டாதீர்கள்.

நேற்று ஹேமலதா டீச்சர் வந்தார். ஜப்பான் புத்தகம் வலப்பக்கம் தொடங்கும், நீங்கள் கடைசியிலிருந்து பார்க்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே புரட்டிக் காட்டினார். பையன் படகில் போய்விடுகிறான். தண்ணீர் ஏறுகிறது. அவள் தனியாக டீ குடிக்கிறாள். அவ்வளவுதான் கதை.

டீச்சர் போனதும் குழலியைக் கட்டிக்கொண்டு தேற்றப் பார்த்தேன். அவள், “எனக்கு அப்பவே தெரியும்மா. அந்தம்மா குடுக்கறப்பவே காட்டுனாங்க. இப்படிப் பார்த்தாதான் நீ சாப்புடுற” என்றாள். பத்து வயதுப் பெண், மாமா. இத்தனை நாளும் அவள்தான் எனக்குத் தாயாக இருந்திருக்கிறாள்.

இன்று இரண்டு தட்டுதான் வைத்தேன். மூன்றாவதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ரயில் ஏறுங்கள். கருமாதிக்கு நாள் நீங்களே குறியுங்கள், மறுக்க மாட்டேன். அதற்கு முன் எங்கள் நடுவில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை ஒரு தரம் வலப்பக்கத்திலிருந்து புரட்டுங்கள். தனியாக என்னால் முடியாது. இன்னும் ஒரு தடவைகூடக் கடலில் இறங்காதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மாரியம்மன் உங்களைக் கரையிலேயே வைத்திருக்கட்டும்.

உங்கள்
அமுதவல்லி