பூச்சாண்டிக்குப் பின்னால்

ஜூன் 9, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒரு கேள்வியைச் சத்தமாகக் கேட்டுப் பழகினேன். "போன வாரத்துல குழந்தைய அடிக்கணும்போல இருந்துச்சா?" முதல் தடவை போலீஸ் மாதிரி வந்தது. இரண்டாம் தடவை சோப்பு விற்க வந்தவள் மாதிரி. அதற்குள் ரூபினி கதவைத் தட்டினாள். "உனக்குத்தான் தினமும் அடிக்கணும்போல இருக்குதே. இப்ப வெளிய வாம்மா, ஸ்கூல் வேன் வந்துடும்."

பதினாலு வயது. வாய் என்னுடையது.

இத்தனை வருடமாக டாக்டர் நோராவின் குழந்தைகள் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்றிலிருந்து புது வேலை. காய்ச்சலுக்கோ தடுப்பூசிக்கோ வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும், குழந்தையின் எடையைக் கேட்பது போலவே வீட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். தூங்க முடிகிறதா, உதவிக்கு ஆள் இருக்கிறதா, கை ஓங்குகிறதா. திணறுகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு அழைக்க வேண்டும். அடி விழுந்த பிறகு ஓடுவதைவிட, விழும் முன்பே பக்கத்தில் போய் உட்காருவது மேல் என்கிறார் டாக்டர். எங்கள் பகுதியான ஈஜிபுராவில் பிள்ளை வளர்க்க ஆலோசனை கேட்டு யாரும் எங்கேயும் போக மாட்டார்கள். ஊசிக்கு எல்லோரும் வந்தே தீருவார்கள். அதனால்தான் இங்கே.

இன்று கேட்ட எல்லோரும் "இல்ல" என்றார்கள். ஒருத்தி மட்டும், "அடிக்கணும்போலவா? அடிச்சே முடிச்சிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு டோக்கனை நீட்டினாள்.

ஜூன் 12, வியாழன்

கேள்வியை மாற்றினேன். "ஒரு நாள்ல எந்த நேரம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" அவ்வளவுதான், ஒருத்தரையும் நிறுத்த முடியவில்லை. பள்ளி வேன் வருவதற்கு முந்தைய கால் மணி நேரம். தண்ணீர் விடும் நேரம். மாமியார் போன் செய்யும் நேரம். டாக்டர் உள்ளேயிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறார், நான் அடுத்த டோக்கனை அனுப்பாமல் கதை கேட்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் குழு. படுதோல்வி.

வேறு இடம் இல்லையே என்று தடுப்பூசி அறையிலேயே வைத்தோம். டாக்டருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. பிள்ளைகள் ஊசி போடும் பச்சை மெத்தையைப் பார்த்தார்கள். ஒன்று அழ ஆரம்பித்தது, மற்றவை சேர்ந்துகொண்டன. "குழந்தை அழும்போது நாம் அமைதியாக இருப்பது எப்படி" என்பது இன்றைய பாடம். தொண்டை கட்டும்வரை கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

மொட்டைமாடி. தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி நிழல், பக்கத்து வீட்டுத் துணிகள். யாரும் அழவில்லை.

இன்று விளையாட்டு. தினமும் பத்து நிமிடம் குழந்தை சொல்வதை நாம் செய்ய வேண்டும். கட்டளை கிடையாது, திருத்தம் கிடையாது. செண்பகம், வைட்ஃபீல்டில் ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்பவள், கையைத் தூக்கினாள். "ஒண்ணுமே சொல்லக் கூடாதா? அதுக்கு வாய்ல பிளாஸ்திரிதான் ஒட்டிக்கணும்."

"ஒட்டிக்கோ, கீழ நிறைய இருக்கு," என்றேன்.

வீட்டுக்கு வந்து ரூபினியிடம் முயன்றேன். பத்து நிமிடம் நீ சொல்வதைச் செய்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ரூம விட்டு வெளிய போ." போனேன். விதி என்றால் விதிதான்.

ஜூன் 24, செவ்வாய்

ருக்கு வந்தாள். செண்பகத்தின் பக்கத்து வீடு. நாலு வயது மகள் ஸ்னேஹாவுக்குக் காய்ச்சல். என் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னாள். "மத்தியானம்க்கா. அவரு தூங்குற நேரம்." கணவர் குணசேகர் ராத்திரி ஷிப்டுக்கு ஆட்களை வைட்ஃபீல்டுக்கு ஏற்றிப்போகும் கேப் ஓட்டுகிறார். வீடு ஒரே அறை. அவர் தூங்கி எழும்வரை ஒரு நாலு வயதுக் குழந்தை சிலையாக இருக்க வேண்டும்.

டாக்டர் சோதிக்கும்போது கவுன் விலகியது. தொடைக்குப் பின்னால் ஒரு தடம். வளைந்து, வயரை மடித்து அடித்தது போல. "கட்டில்ல இடிச்சிக்கினா," என்றாள் ருக்கு, நாங்கள் கேட்பதற்கு முன்பே. ஸ்னேஹா ஸ்டெதஸ்கோப்பை உருட்டிக்கொண்டே, யாரையும் குறை சொல்லாத குரலில், "அப்பா சார்ஜரு," என்றாள்.

டாக்டர் நோரா குரலை உயர்த்தவில்லை. "ருக்கு, இவளுக்கு இனிமே அடி விழக் கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் இவளப் பார்க்கணும். அவரும் வரட்டும். கூட்டிட்டு வரலன்னாலும் சரி, திரும்ப இப்படி ஒண்ணு பார்த்தாலும் சரி, குழந்தைங்க உதவி எண்ணுக்கு நான் போன் பண்ணுவேன். மறைச்சு இல்ல. உங்ககிட்ட சொல்லிட்டே பண்ணுவேன்."

ருக்கு டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இதுக்குத்தான் என் கஷ்டம் கேட்டியாக்கா?"

இதற்காகத்தான் கேட்டேன். இதற்காகக் கேட்கவும் இல்லை. இரண்டும் உண்மை — இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அவர்கள் வராமலே போய்விட்டால்? வாசல்படி ஏறாத குழந்தையை யார் பார்ப்பது?

ஜூலை 1, செவ்வாய்

ஸ்னேஹா வரவில்லை. டாக்டர் அடிக்கடி வெளியே எட்டிப் பார்த்தார். மாலையில் சொன்னார், "சனிக்கிழமை வரைக்கும், தமயந்தி. அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்."

ஜூலை 3, வியாழன்

வேலை முடிந்து, தக்காளி வாங்குகிற சாக்கில் அவர்கள் சந்துக்குப் போனேன். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஓர் அலறல். "ஆன்ட்டி வந்துட்டாங்கடா!" அடுத்த நொடி சந்து காலி. நடுவில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

செண்பகம் அப்போதுதான் ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கோச்சிக்காதக்கா. நீதான அடிக்காதீங்கன்ன? அடிக்கிறதே இல்ல. சாப்பிடலன்னா தமயந்தி ஆன்ட்டி வந்து புடிச்சிக்கினு போய் ஊசி போட்டுடுவாங்கன்னு சொல்லுவோம். தட்டு காலி."

"உங்க வீட்லயா?"

"எல்லார் வீட்லயும். ஈஜிபுராவுக்கே இப்ப நீதான் பூச்சாண்டி."

நானும் சிரித்தேன். ருக்கு வாசலில் நிற்பதைப் பார்க்கும்வரை. செவ்வாய்க்கிழமை அவள் புறப்பட்டிருக்கிறாள். கிளினிக்குக்கு என்றதும் ஸ்னேஹா சந்து முனையில் விழுந்து புரண்டிருக்கிறாள், நான் பிடித்துக்கொண்டு போய்விடுவேன் என்று. "நானும்தான்க்கா சொல்லிக்கினு இருந்தேன். அப்பா தூங்குறாரு, சத்தம் போட்டா ஆன்ட்டி வருவாங்கன்னு..." கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. நான் திரும்பியதும் மறைந்தது.

கம்பைக் கீழே போடச் சொன்னோம். போட்டார்கள். அந்த இடத்தில் என்னை எடுத்து வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்.

ரூபினியிடம் சொன்னேன். சோபாவில் உருண்டு சிரித்தாள். பிறகு, "அந்தப் பத்து நிமிஷத்த அதுங்களுக்குக் குடேன். அதுங்க உன்னைப் புடிக்கட்டும்," என்றாள்.

ஜூலை 5, சனி

நாற்பத்துநாலு வயதில், சுடிதாரும் ரூபினியின் ஷூவும் போட்டுக்கொண்டு, ஈஜிபுரா சந்தில் ஓடினேன்.

"நான்தான் பூச்சாண்டி! என்னை யாராலயும் புடிக்க முடியாது!" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தேன். முதலில் யாரும் நம்பவில்லை. ஒரு வாண்டு துரத்தியது. பிறகு சந்தே துரத்தியது. டெலிவரி பைக்காரர் ஒருவர் பிரேக் போட்டு, "ஏனாய்து மேடம்? கள்ளனா?" என்று கன்னடத்தில் கேட்டுத் திருடனைத் தேடினார். ருக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்னேஹா மெதுவாகத்தான் வாசலை விட்டு இறங்கினாள். தண்ணீர் டிரம் பக்கம் மூச்சு வாங்கி நின்றேன், பாதி நடிப்பு, பாதி நிஜம். துப்பட்டாவைப் பிடித்தாள். "புடிச்சிட்டேன்!" என்னைக் கீழே உட்கார வைத்து, ஒரு முருங்கைக்காய்த் துண்டால் கையில் ஊசி போட்டாள். "அழக் கூடாது." நான் ஓவென்று அழுதேன். அத்தனை பேருக்கும் ஆனந்தம்.

அப்போது ருக்கு வீட்டுக் கதவு திறந்தது. லுங்கி, சிவந்த கண்கள். "இன்னா சத்தம் இது! மனுசன் தூங்க வேணாமா?"

ஸ்னேஹா முருங்கைக்காயைக் கீழே போட்டாள். ஒரே தாவலில் என் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள்.

எந்தப் பூச்சாண்டியைச் சொல்லி அவளைப் பயமுறுத்தினார்களோ, அந்தப் பூச்சாண்டிக்குப் பின்னால், தன் அப்பாவிடமிருந்து அவள் ஒளிந்துகொண்டிருந்தாள். குணசேகர் அதைப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். "பாப்பா," என்றார். அவள் வரவில்லை. என் முதுகில் அவள் மூச்சு மட்டும் சுட்டது.

"சாயங்காலம் டாக்டர் இருப்பாங்க," என்றேன். "நாளைக்கு மாடியில குழு இருக்கு. ரெண்டுக்கும் வாங்க."

இருட்டும் முன்பே மூன்று பேரும் வந்தார்கள். டாக்டர் ஸ்னேஹாவின் காலைப் பார்த்தார். புதுத் தடம் இல்லை. போனை எடுக்கவில்லை. ஆனால் குணசேகரிடமும் அதே வார்த்தைகளைச் சொன்னார், ஒன்றைக்கூடக் குறைக்காமல்.

ஜூலை 6, ஞாயிறு

மாடியில் ஒரே ஆண், குணசேகர். "இன்னாண்ணா, பொம்பளைங்க பஸ்ல ஏறிட்டியா?" என்றாள் செண்பகம். அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துப் பேசினார். "பாதித் தூக்கத்துல எழுந்தா கை முன்னாடி போய்டுது மேடம். அப்பால அவ தூங்குறப்ப அந்தக் காலப் பாத்துக்கினு உக்காந்திருப்பேன்."

செண்பகம் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து ஒரு சாவியைக் கழற்றினாள். "பகல்ல என் வீடு காலிதான். போய்த் தூங்கு. டிவியத் தொடாத." ருக்கு ஸ்னேஹாவை அங்கன்வாடிக்கு அனுப்பச் சம்மதித்தாள்.

இந்த வேலைக்கான பயிற்சியில் கொடுத்த தடித்த புத்தகத்தில் சாவி பற்றி ஒரு வரி கிடையாது.

அடிக்காதே என்று சொல்வது சுலபம். ஓங்கிய கையை அந்த ஒரு நொடியில் எங்கே கொண்டுபோய் வைப்பது? அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கும்தான்.

ஜூலை 8, செவ்வாய்

உடம்பெல்லாம் வலி. கணவர் தைலம் தேய்த்துக்கொண்டே காரணம் கேட்டார். சொன்னேன். நம்பவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பயமுறுத்துவதும் கூடாது என்று சொன்னேன். "அப்ப யாரச் சொல்லித்தான் சோறு ஊட்டுறது?" என்று ஒரே கூச்சல். யாரையும் சொல்லாதீர்கள் என்றேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுக்கா, ஞாயித்துக்கெழம மட்டும் உன்ன சொல்லிக்கறோம்," என்று பேரம் பேசினாள் செண்பகம்.

ஜூலை 20, ஞாயிறு

குணசேகர் தானாகவே சொன்னார். வியாழக்கிழமை ஸ்னேஹா அவர் போனைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டாள். "கை வந்துச்சுக்கா. கார் கீய எடுத்துக்கினு வெளிய வந்துட்டேன். லுங்கியோட டீக்கடைல நின்னேன். போறவன் வர்றவன்லாம் வீட்ல சண்டையான்றான். ஆமாடா, என் கையோட சண்டைன்னேன்."

மேடம் என்றவர் அக்கா என்கிறார். போன் அரிசி டப்பாவில் இருக்கிறதாம். ஸ்னேஹா கிளினிக் தராசில் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பா டீ குடிக்கப் போயிட்டாரு!" என்றாள். அவளுக்கு அதுதான் செய்தி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அவர்களுடைய பத்து நிமிட விளையாட்டை மாடியில் நடித்துக் காட்டினார்கள். ஸ்னேஹா டிரைவர், தட்டுதான் ஸ்டீயரிங். குணசேகர் பின்னால் பயணி.

"ஓடிபி சொல்லு."

"நாலு, ஏழு, ரெண்டு, ஒண்ணு."

"தப்பு. எறங்கு."

"மேடம், ஆபீஸுக்கு லேட் ஆவுது மேடம்..."

"எறங்குன்னா எறங்கு!"

இறங்கினார். தினமும் இறக்கிவிடுகிறாளாம். ஒரு நாள்கூட வைட்ஃபீல்ட் போய்ச் சேர்ந்ததில்லை. ருக்கு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "அன்னிக்குக் கிளினிக்ல அப்படிக் கேட்டேனேக்கா..." என்றாள். விடு என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஸ்னேஹாவுக்கு இன்று ஊசி. நிஜ ஊசி. அழுதாள். அழுதுகொண்டே யாரைத் தேடி ஓடினாள் என்று பார்த்தேன். நேராக அவர் லுங்கி மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டாக்டரும் பார்த்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மதியம் சொன்னார், "ஜனவரியில அப்பாக்களுக்குன்னு தனியா ஒரு குழு ஆரம்பிக்கலாம். நீங்கதான் நடத்தணும், தமயந்தி." சரி டாக்டர் என்றேன்.

படியிறங்கும்போது வாசலில் குணசேகரின் கேப். பானெட்டில் சாய்ந்து மஞ்சுநாத், அவரோடு ஓட்டுகிற இன்னொரு டிரைவர். மகன் சொன்ன பேச்சு கேட்பதில்லை, நேற்று கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டேன் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். குணசேகர் திட்டவில்லை, போதிக்கவும் இல்லை. கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "கை வந்தா கீ எத்கொண்டு ஹொர்கடே பா, குரு. நங்கே போன் மாடு. டீ குடியோணா," என்றார். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வா, எனக்குப் போன் போடு, டீ குடிக்கலாம். அவ்வளவுதான் பாடம். மஞ்சுநாத் எதிர்த்துப் பேசாமல் தலையாட்டினார். நான் சொல்லியிருந்தால் "எஸ் மேடம்" என்று சொல்லி அப்போதே மறந்திருப்பார்.

வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன்.

அப்பாக்கள் குழுவை நான் நடத்தப் போவதில்லை. முன் நாற்காலி குணசேகருக்கு. நான் பின்னால் உட்கார்ந்து டீ ஊற்றுவேன், கேட்டால் மட்டும் பேசுவேன். இப்பத்தானே திருந்தியிருக்கார் என்பார் டாக்டர். நியாயம். ஜனவரி வரை நானும் கவனித்துக்கொண்டுதான் இருப்பேன், ஸ்னேஹாவின் காலையும் அவள் முகத்தையும். அதுவரை டாக்டரிடம் சொல்வதாயில்லை. குணசேகரிடமும்.

"தனியா உக்காந்து என்னம்மா சிரிக்கிற?" என்று இப்போதுதான் ரூபினி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ரூம விட்டு வெளிய போ," என்றேன்.