சப்வூஃபர் தேடிய சனிக்கிழமைகள்

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பவர் தன் காரின் டிக்கியில் அடிச்சத்தத்துக்கென்றே உள்ள பெரிய சப்வூஃபர் பெட்டி ஒன்றை மாட்டியிருக்கிறார். இன்று காலை அவர் வண்டியைக் கிளப்பியபோது பாட்டு எனக்குக் கேட்கவில்லை. அதன் அடிச்சத்தம் மட்டும் சுவர் வழியாக ஏறி வந்து அடுப்படி அலமாரியில் இருந்த தட்டுகளை நடுங்க வைத்தது. நம் மகள் எஸ்தர் எரிச்சலோடு ஜன்னலைச் சாத்தினாள். நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு அலமாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் காலமாகி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

நான் உங்களைச் சந்தேகப்பட்ட அந்த வருடம்தான் நினைவுக்கு வருகிறது. பம்பு கம்பெனியின் தகடு அடிக்கும் பிரஸ் ஷெட்டிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தீர்கள். டிவி பார்ப்பதை விட்டிருந்தீர்கள். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. எதிரில் வந்து நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பீர்கள். கம்பெனிக்கு உழைத்த மனுஷருக்கு வீட்டு மனுஷர்கள் அலுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. மத்தியானம் சாப்பிட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு காரை எடுத்துப் போவீர்கள். பொழுது சாயத் திரும்பும்போது உங்கள் சட்டையில் புதுக் கார்ப்பெட் வாசமும் பசை வாசமும் அடிக்கும். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா அப்படியே" என்பீர்கள்.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காதான் முதலில் சொன்னது. "ஏனுங்க மேரி, உங்கூட்டுக்காரரைக் காந்திபுரத்துல ஒரு கார் கடையில பார்த்தனுங்க. ஏதோ ஒரு வண்டிக்குள்ள கண்ணை மூடி உக்காந்து பாட்டுக் கேட்டுட்டு இருந்தாருங்க."

வாழ்நாளில் ஒரு பாட்டை முணுமுணுத்து அறியாதவர் நீங்கள். யாருடைய வண்டி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றெல்லாம் அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து உங்கள் சட்டையை மோந்து பார்க்காமல் துவைக்கப் போட்டதில்லை.

அதே நாட்களில் நீங்கள் எங்கள் மேல் சந்தேகப்பட ஆரம்பித்தீர்கள். எஸ்தருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வரன் வந்திருந்தது. நானும் அவளும் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் தட்டைத் தள்ளி வைத்தீர்கள்.

"உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன ஓடுது? நான் வந்தா மட்டும் ஏன் குசுகுசுன்னு பேசறீங்க?"

நாங்கள் குரலைத் தாழ்த்தவே இல்லை. எஸ்தர் என்னைப் பார்த்தாள். தன்னிடம் தப்பு இருக்கிறவர் முந்திக்கொண்டு நம்மேல் பாய்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். அதற்கப்புறம் நீங்கள் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தீர்கள்.

எஸ்தரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. சரவணம்பட்டியில் வேலை முடிந்து வந்து, அலுப்போடு அலுப்பாக அவள் பேஸ் கிட்டாரைப் பழகி, சர்ச் பாட்டுக் குழுவில் சேர்ந்திருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "எல்லாரும் வாசிக்கறாங்க அம்மணி, உன்ற கிட்டார் மட்டும் எனக்குத் தெரியவே இல்லையே" என்றீர்கள். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது எனக்கு உங்கள்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

ஒரு சனிக்கிழமை நீங்கள் காரில் ஏறுவதற்கு முன்பே நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "நானும் வாரேனுங்க. எங்கே போறீங்களோ அங்கே." நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு வண்டியை எடுத்தீர்கள்.

முதலில் அந்தக் கார் கடை. அங்கே பெண் யாரும் இல்லை என்பதை உள்ளே நுழைந்ததும் பார்த்துக்கொண்டேன். கடைக்காரர் ஒரு வண்டியில் நம்மை உட்கார வைத்துக் கதவைச் சாத்திப் பாட்டைப் போட்டார். டிக்கியில் இருந்த பெட்டி முதுகில் குத்தியது. எனக்குத் தலை வலித்தது. நீங்கள் சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தீர்கள். "எந்தப் பாட்டுக்கும் ஒரே குத்துத்தானுங்க இது" என்றீர்கள். பெட்டிமேல் எழுதியிருந்த வாட்ஸ் கணக்கைக் கடைக்காரர் காட்டினார். நீங்கள் நம்பவில்லை.

அடுத்து அவினாசி ரோட்டில் ஹோம் தியேட்டர் ஷோரூம். குளுகுளு அறை, மெத்தென்ற சோபா. படத்தில் கட்டடம் இடிகிற காட்சி ஓடியபோது, சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே தரையில் வந்தது. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் பதித்து உட்கார்ந்தீர்கள். "வெடிச்சத்தம் வேண்டாமுங்க, கிட்டார் மட்டும் வாசிக்கற மாதிரி ஏதாச்சும் போடுங்க." போட்டார்கள். உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தேகம் இன்னும் கூடியது. யாருக்காக இந்தத் தேடல்?

மூன்றாவதாக, கல்யாணத்துக்கும் கோயில் நோம்பி திருவிழாவுக்கும் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிறவரின் குடோன். எனக்கு மார்பளவு உயரத்தில் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர். உங்களை அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. முழித்துக்கொண்டு நின்ற எனக்கு அவர் பொறுமையாகச் சொன்னார்.

"கார் சின்ன இடம்க்கா, அதனால சின்னப் பெட்டியே பெருசாத் தெரியும். வீட்டுப் பெட்டி ரொம்ப அடிச்சத்தம் வரைக்கும் போகும். ஆனா ஒரு ரூம் தாண்டாது. இது அவ்வளவு அடியில போகாதுங்க. ஆனா பந்தல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துப்போடும்."

அவர் பாட்டைப் போட்டார். நீங்கள் பெட்டியை ஒட்டி நின்று அதன்மேல் கையை விரித்து வைத்துக்கொண்டீர்கள். கொஞ்ச நேரத்தில் அவர் பெரிய பெட்டிகளை நிறுத்திவிட்டு மேலிருந்த சின்ன ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டார். ஒரு பெண் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தாள். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க, பாட்டை நிறுத்திப்போட்டீங்க?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நீங்கள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

காரில் ஏறியதும் சாவியைப் போடாமல் என் பக்கம் திரும்பினீர்கள். "பிரஸ் ஷெட்டுலயே காதைக் குடுத்துப்போட்டேன் புள்ள. பேசறவங்க வாயைப் பார்த்துத்தான் பாதி சமாளிக்கறேன். நீயும் அம்மணியும் பேசறப்ப வாய் அசையறது மட்டும்தான் தெரியும். என்னைப் பத்தித்தான் ஏதோ பேசறீங்கன்னு தோணும்."

"என்றகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"செவிடன்னு அப்பறம் எதையும் என்றகிட்டக் கேக்கமாட்டீங்க." பிறகு நெஞ்சில் கை வைத்தீர்கள். "அடிச்சத்தம் மட்டும் இங்க வருது. அவ வாசிக்கறதும் அடிச்சத்தம்தானே. சர்ச்சுல இருக்கற சின்ன ஸ்பீக்கர்ல அது வரமாட்டேங்குது. எதுல வரும்னுதான் தேடறேன்."

நீங்கள் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி, "வீட்டுக்குப் போலாமுங்க" என்றேன்.

டாக்டரிடம் போனோம். காதில் மெஷின் வைத்தார்கள். கரண்டிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது என்று திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டீர்கள். பொள்ளாச்சி வரனைப் பற்றி உங்கள் எதிரில் உட்கார்ந்து பேசினோம். வேண்டாம் என்று முடிவு சொன்னது நீங்கள்தான். அறுவடைப் பண்டிகை வந்தபோது குடோன்காரர் அந்தப் பதினெட்டு இஞ்ச் பெட்டிகள் இரண்டை சர்ச் பந்தலில் கொண்டுவந்து இறக்கினார். நீங்கள் நாற்காலியை விட்டுவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றீர்கள். மூன்றாவது பாட்டில் எஸ்தர் உங்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். உங்கள் கண் நிறைந்துவிட்டதை நான் பந்தலின் மறுகோடியிலிருந்து பார்த்தேன். இறங்கி வந்தவளிடம், "கேட்டுது அம்மணி, ஒண்ணு விடாமக் கேட்டுது" என்றீர்கள்.

மத்தியானம் பாத்திரம் கழுவும்போது எஸ்தர் என் பக்கம் குனிந்தாள். "அம்மா, மூணாவது பாட்டு ஆரம்பிச்சதுமே என்ற கிட்டார் கேபிள் போயிருச்சு, சத்தமே வரலை. சும்மா விரலை ஓட்டிட்டு இருந்தேன். அப்பா எதைக் கேட்டாரு?"

டிரம் சத்தமாக இருக்கலாம். கீபோர்டில் இடதுகை வாசித்த அடிச்சத்தமாக இருக்கலாம். அன்று சாயங்காலம் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி கேட்டேன். "ஏனுங்க, நெசமாலும் கேட்டுதுங்களா?"

நீங்கள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தீர்கள். "இன்னும் என்னையச் சந்தேகப்படறயா புள்ள?" என்று சிரித்தீர்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இப்போதும் யாரிடம் பேசினாலும் எதிரே போய் நின்று, முகம் காட்டித்தான் பேசுகிறேன். அந்தப் பழக்கம் என்னோடு தங்கிவிட்டது. நீங்கள் சொன்னது நிஜமா, மகளுக்காகச் சொன்னதா என்ற சந்தேகமும் தங்கிவிட்டது. எஸ்தர் அதை மறுபடி என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரே வார்த்தைதான் வைத்திருக்கிறேன். கேட்டுது என்பேன்.