தீனி போடும் நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

நான் நலம். சமையல் ஓரளவு கைவந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் தினமும் எட்டிப் பார்த்து, ‘ஏதோ கருகுதே?’ என்று அன்பாக விசாரிக்கிறார்.

போனில் கூப்பிட்டால் ‘அப்புறம் பேசறேன்பா’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்கமாட்டாய் என்று ஒரு நப்பாசை.

ஆராய்ச்சிக்கு என் தோலில் ஒரு துண்டு கேட்டிருந்தாய். தோலுக்கென்ன பஞ்சம், கழுத்தில் தொங்குவதை எடுத்தாலே நாலு பேருக்குச் சட்டை தைக்கலாம். ஆனால் அம்மாவுடையதற்குப் பக்கத்தில் வைத்து வளர்க்கப் போவதாகச் சொன்னாயே, அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

போன மாதம் உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தபோது பாலாடை மாதிரி ஒன்றைக் காட்டி, செல்கள் பிடித்து ஏறுவதற்கான சாரம் என்றாய். காலமெல்லாம் சாரத்தில் தொங்கிப் பெயின்ட் அடித்தவனிடமே சாரமா என்று மேதாவி மாதிரி தலையாட்டினேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆபரேஷனில் எடுத்த அம்மாவின் தோல் அதில் வளர்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் சத்துநீர் மாற்றுவதைத் தீனி போடுவது என்பீர்கள், இவ்வளவுதான் புரிந்தது. அன்று சம்மதம் கேட்டபோது அவள், ‘தூக்கிப் போடறதுதானே, எம் பொண்ணு எடுத்துக்கட்டும்’ என்று சிரித்தாள். அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. அது அங்கே இருக்கிறது.

நான் வந்த அன்று காலையில் அது கிண்ணத்தின் விளிம்பு வரை பரவியிருந்தது. சாயங்காலம் நீ போன் பேச வெளியே போனபோது, அதை வைத்திருக்கும் சூட்டுப் பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்தேன். விளிம்பை விட்டுச் சுருங்கி, நடுவில் மடிப்பு விழுந்திருந்தது. இந்தச் செல்கள் எல்லாமே அப்படித்தான் பிடித்து இழுக்கும் என்று பிறகு சொன்னாய். இருக்கலாம். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அம்மா போர்வையை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். நீ பார்க்கவில்லை. அன்று அங்கே நீ தீனி போடும் நாள்.

பெட்டிக் கதவில் கை வைத்தேன். அவள் நெற்றியின் சூடு. கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல், ‘சாப்பிட்டியா’ என்று கேட்டேன். கேட்டதோடு விட்டேனா, பதிலுக்கும் காத்து நின்றேன். நீ வந்து, ‘அங்க நின்னு என்னப்பா பண்றீங்க’ என்றாய். முகம் பார்க்கிறேன் என்று சமாளித்தேன். கிளம்பும்போது அந்தக் கதவைப் பார்த்து, ‘போயிட்டு வரேம்மா’ என்று சொன்னாய். காதில் விழாத மாதிரி என் கண்ணாடியைத் தேடினேன். மூக்கில்தான் இருந்தது.

உன்னோடு படிக்கும் உயரமான பெண் பஸ் ஏற்றிவிட வந்தாள் அல்லவா, அவளிடம் கேட்டேன். அம்மாவுடையதை வைத்துச் செய்ய வேண்டியதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதாம். அவை பெருகுவதும் நின்றுவிட்டதாம். வெறுமனே உயிரோடு இருக்கின்றனவாம். ‘அவ வீட்டுக்கு வராததே அதுக்குத்தான் அங்கிள்’ என்றாள். அவளைத் திட்டாதே.

அப்படியானால் என் தோல் எதற்கு? எனக்கு ஒரு நோயும் இல்லையே, கண்ணு. ஒரு பஸ் பயணத்தில் எட்டிவிடும் தூரத்தில் முழுசாகவே இருக்கிறேன்.

இங்கே வந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்கே பரபரக்கிறது. இன்று போட்டிருப்பாளா, மறந்திருப்பாளா என்று அடுப்பை அணைக்காமல் நிற்கிறேன். கருகும் வாசனைக்குக் காரணம் அதுதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

தோலை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள். அதற்கு முன்னால் அம்மாவுக்குத் தீனி போடுவதை நிறுத்து. அவளுக்குப் பசிக்குமோ என்று நினைக்காதே. நானும் அப்படித்தான் நினைக்கிறேன், அதனால்தான் பயந்து எழுதுகிறேன்.

தனியாக முடியாதென்றால் சொல், வருகிறேன். அதை வெளியே எடுக்கப் பெட்டிக் கதவைத் திறக்க நீ போனால் உன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன். நான் போனால் நீ பிடித்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இருப்பாய்.

உன்
அப்பா