கொற்றியின் பந்தி: வழக்குச் சோற்றை நிறுத்திய ஓலை

வேங்கைவள நாட்டையும் அதன் நீண்ட கரையையும் காக்கும் மாதேவி நங்கைவேள் அரசியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் எழுதியது. சுரபுன்னைத் துறையின் அறங்கூறவையத்துப் பெருமக்கள் காண்க. உங்கள் துறையில் கலங்கள் பழுதின்றிக் கரை சேரட்டும். உங்கள் உப்பளங்களில் காலம் தவறிய மழை இறங்காதிருக்கட்டும். உங்கள் அவையின் வாசலிலிருந்து எவரும் கையிருப்பு இழந்து திரும்பாதிருக்கட்டும். மூன்றாவது வாழ்த்து முறைமைக்காகச் சொன்னதன்று. அதன் பொருட்டே இந்த ஓலை.

உங்கள் துறையின் அறச்சாலையில் மாலுமிகளுக்கும் வழிப்போக்கருக்கும் சமைத்துவந்தவள் கொற்றி. சென்ற அறுவடைக்குப் பின் அறச்சாலை அதிகாரி பூதன் எயினன் அவளை வேலையிலிருந்து நீக்கினான். அவள் கைக்கு உப்பின் அளவு மறந்துவிட்டது, உண்பவர்கள் பாதி இலையில் எழுந்துவிடுகிறார்கள் என்பது அவன் சொன்ன காரணம். அவளை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் விட்ட கரண்டியை மறுநாளே அவன் மைத்துனன் பிடித்தான். கொற்றி எவர் வீட்டு வாசலிலும் போய் நின்று அழவில்லை. நேராக உங்கள் அவைக்கு வந்து முறையிட்டாள்.

வழக்குத் தொடுப்பவர், அவை கூடும் நாளெல்லாம் அவையத்தாருக்கு நண்பகல் உணவு அளிக்க வேண்டும் என்பது, வழக்குச் சோறு என்று உங்கள் துறையில் வழங்கும் பழைய ஏற்பாடு. தொலைவிலிருந்து நடந்து வருபவர்கள் பசியோடு நீதி சொல்லலாகாது என்று முன்னோர் நல்லெண்ணத்துடன் வைத்தது அது. எயினனோ அதிகாரி. அவனுக்காக வழக்குரைப்பவரின் கூலியை அரசின் பண்டாரம் தருகிறது. ஆகவே ஒரு நாள் தள்ளிப்போனால் எயினனுக்கு ஒன்றும் குறையாது. கொற்றிக்கு ஒரு பந்தி கூடும்.

தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். சாட்சி ஏறிய கலம் வரவில்லை என்றார் வழக்குரைப்பவர். பிறகு தமக்குத் தொண்டை கட்டியது என்றார். பிறகு நாள் நன்றாக இல்லை என்றார். கேட்டபோதெல்லாம் நீங்கள் தவணை கொடுத்தீர்கள். கொற்றியின் குதிர் காலியாயிற்று. பசு போயிற்று. காதிலிருந்த தோடும் போயிற்று. வேலை போன பின் கல்யாண வீடுகளில் சமைத்துப் பிழைக்க அவளிடம் எஞ்சியிருந்தது ஒரு பெரிய வெண்கல உருளி. கடைசிப் பந்திக்கு அரிசி வாங்க, உங்களுக்குச் சமைத்து முடித்த கையோடு அதைத் தருவதாகச் சொல்லி, அதன்மேல் கடன் வாங்கினாள்.

அந்தப் பந்தியில், கரையோரத்தைப் பார்வையிட வந்த அரசியாரின் தூதர் சேந்தனாரும் விருந்தினராக அமர்ந்திருந்தார். அங்கே கேட்ட சொற்களை அவர் மாற்றாமல் உரைத்தார். அவற்றை நாமும் மாற்றாமல் எழுதுகிறோம். உங்களில் ஒருவர் விரலில் ஒட்டிய புளிக்குழம்பைச் சுவைத்தபடி, “இன்னொரு தவணை குடுத்துருவோம்யா, அடுத்த தடவ வஞ்சிரமே கேட்டு வாங்கிருவோம்” என்றார். பந்தி முழுதும் சிரித்தது. கொற்றி அவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றி, “வயிறாரச் சாப்பிடுங்க சாமி. உப்பு சரியா இருக்கான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க” என்றாள். “உன் கைக்கு என்னம்மா கொற? அமிர்தம்!” என்றார் அவர். பிறகு கைகழுவிவிட்டு அவைக்குள் போய், அவளுடைய சமையலுக்குச் சாட்சி இன்னும் வரவில்லை என்று மற்றவர்களோடு சேர்ந்து தவணை கொடுத்தார்.

பாத்திரம் கழுவும் இடத்தில் சேந்தனார் அவளிடம் பேசினார். வழக்கைக் கைவிட்டால் ஓராண்டு நெல் தருவதாக எயினன் ஆள் அனுப்பியது உண்மைதானா, எடுத்துக்கொண்டால் என்ன என்று வினவினார். கொற்றி உருளியின் அடிக்கரியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “நெல்லு தின்னா தீந்துடும் ஐயா. உப்புத் தெரியாதவன்னு அவரு வச்ச பேரு தீராது. இந்த உருளி போனா மண்சட்டியில ஆக்கிப் போடுறேன். அவங்க தள்ளட்டும், பாத்துடுவோம்” என்றாள்.

இதைக் கேட்ட அரசியார், விளக்கைத் தூண்டிவிட வந்தவரைக் கையசைத்து நிறுத்தினார்கள். பிறகு அவர்கள் சொன்னது இது: பண்டாரத்தில் இருப்பது குடிகளின் வரி, கொற்றியின் வரியும் அதில் இருக்கிறது. தன்னை எதிர்த்துப் பேசுபவருக்கும் அவளே கூலி கொடுத்திருக்கிறாள்.

ஆதலால் இந்த ஓலை கண்ட நாள் முதல் சுரபுன்னைத் துறையில் வழக்குச் சோறு இல்லை. அவையத்தார் கட்டுச்சோறு கொண்டுவருக. ஊழியரை நீக்கிய அதிகாரி தன் கைப்பொருளால் தன் வழக்கை நடத்துக. நீக்கியது முறையென்று தீர்ந்தால் மட்டும் பண்டாரம் அதை ஈடு செய்யும். முறையன்று என்று தீர்ந்தால், எதிர்த்தரப்பு செலவிட்டது அனைத்தையும் அவனே திருப்பித் தருக. தவணை கேட்பவர் எவராயினும் அந்த நாளின் செலவு அவரையே சேரும்.

கொற்றியின் வழக்கில் தீர்ப்பு இன்னதென்று அரசியார் சொல்லவில்லை. ஆனால் வராத சாட்சிக்காக இனிக் காத்திருக்க வேண்டாம். அவள் சமையலை உண்டவர்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, அதில் உப்பு எப்படி இருந்தது, இலையில் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்று ஆணையிட்டுச் சொல்லுங்கள். சாட்சி சொன்னவர் தீர்ப்புக் கூற அமரலாகாது. ஒவ்வொரு முறையும் வீட்டிலிருந்து தயிர்ச்சோறு கட்டிவந்து தனியே உண்டதற்காக உங்கள் கேலிக்கு ஆளான உங்கள் அவையத்து வெள்ளைச்சாத்தனார் ஒருவரே அதற்குத் தகுந்தவராக எஞ்சுகிறார். பக்கத்து ஊர் அவையிலிருந்து இருவரைச் சேர்த்துக்கொண்டு அவர் அமர்க.

அதற்கு முன், உண்ட நீங்கள் அனைவரும் உங்கள் பொருளைக் கூட்டி அந்த உருளியை மீட்டு வருக. சாட்சி முடியும்வரை அது அவை முற்றத்தில் உங்கள் கண்முன் இருக்கட்டும். அன்று அது அடுப்பேற வேண்டாம்.

இது மீறப்படாதிருக்க. வேங்கைப்பூ முத்திரையை அரசியார் தம் கையாலேயே பதித்தார்கள்.